உச்சுக்கொட்டியும் பதினொரு கிலோ கல்லும்

ஏற்றத்தில் கூட்டம் மூச்சு வாங்க நின்றதும் எல்லோரும் தண்ணீர் பாட்டிலைத் தேடுவார்கள். இவர் தேடமாட்டார். முதலில் வலது கையுறையை விரல் விரலாக உருவி இடது கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். பிறகு கோவேறு கழுதையின் நெற்றியில், இரண்டு கண்களுக்கும் நடுவே இருக்கும் சுழியில், உள்ளங்கையை வைப்பார். கண்ணை மூடுவார். நான்கு மூச்சு. ஐந்தாவது மூச்சில் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து ‘உச்’ என்பார். கழுதை காதை ஆட்டும். ஈக்காகத்தான் ஆட்டும். இவர் நம் பக்கம் திரும்பி, “புரிஞ்சுக்குது” என்பார்.

வாசகரே, இந்த இனத்துக்கு உச்சுக்கொட்டி என்று பெயர் வைத்திருக்கிறேன். எங்கள் அட்லஸ் மலைக்கு நடக்க வருகிறவர்களில் உயரம் அளப்பவர், படம் பிடிப்பவர், எல்லாவற்றையும் நேபாளத்தோடு ஒப்பிடுபவர் என்று பல இனம் உண்டு. அவர்களால் யாருக்கும் சேதமில்லை. உச்சுக்கொட்டி வேறு. அவர் தம் ஊரிலிருந்தே ஒரு மூட்டை இரக்கத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு வருகிறார். ஏழு நாளைக்குள் அதை எங்காவது இறக்கி வைத்தே ஆகவேண்டும். யார் தலையில் என்பதுதான் கேள்வி.

சென்ற கோடையில் வந்தவர் மிஸ்யூ அன்செல்ம். பெல்ஜியத்துக்காரர், பாலம் கட்டும் பொறியாளர். எந்தத் தூணில் எத்தனை டன் இறங்கும் என்று முப்பது வருடம் கணக்குப் போட்டவர். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நான் அந்தக் கூட்டத்தின் வால். வழிகாட்டி மிமுன் முன்னால் போவார். கடைசியாக வருகிறவருக்கும் பின்னால் போவது என் வேலை. அதிகம் பேசாதவனுக்கு ஏற்ற வேலை. சட்டைப் பையில் ஒரு கவிதைப் புத்தகம், கண்ணெதிரே யாரோ ஒருவருடைய முதுகு. போதும்.

முதல் நாள் காலையிலேயே அன்செல்ம் கழுதைக்காரர் பாஸ்ஸுவிடம் போய், “இவ பேரு என்ன?” என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

“எவ பேரு?” என்றார் பாஸ்ஸு.

“கழுதை பேரு மாமா.”

“கழுதைதான் அது பேரு. எட்டு வருஷமா அப்படித்தான் கூப்பிடுறேன், திரும்பிப் பாக்குது.”

அன்செல்முக்கு மனம் ஆறவில்லை. அன்று மதியத்துக்குள் கழுதைக்கு ஹென்ரியெத் என்று பெயர் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஹென்ரியெத் தூங்கினாளா, ஹென்ரியெத் சாப்பிட்டாளா, ஹென்ரியெத்துக்கு இந்த வேலை பிடித்திருக்கிறதா. பாஸ்ஸு சாப்பிட்டாரா என்று ஒரு வார்த்தை? கிடையாது. பேசத் தெரிந்தவர்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள் என்பது இந்த இனத்தின் சித்தாந்தம்.

அன்று மாலை நாங்கள் தங்கிய கிராமத்தில், குதிரைமசால் தீவனக் கட்டை முதுகில் கயிறு போட்டுச் சுமந்துகொண்டு வீட்டுக்கார அம்மா இட்டோ மேலே ஏறி வந்துகொண்டிருந்தாள். அன்செல்ம் ஓடிப்போய், ‘உச்’ கொட்டி, சிரித்து, தலைகுனிந்து, இரண்டு கையாலும் கட்டைப் பிடித்து இழுத்து, முடிச்சு எங்கே இருக்கிறதென்று தெரியாமல் தப்பான நுனியை உருவி, கட்டு பிரிந்து பாதை முழுக்கப் பச்சையாகச் சிதறி, அதில் பாதி ஓடையில் இறங்கிப் போகும்வரை உதவி செய்தார். இட்டோ இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“தம்பி, இந்தப் பெரியவரு நல்லவருதானே?”

“ரொம்ப நல்லவருக்கா.”

“அப்பச் சரி. உள்ள கூட்டிட்டுப் போ. இன்னும் கொஞ்சம் நல்லவரா இருந்தா இன்னிக்கு மாடு பட்டினி.”

உள்ளே தேநீர் வந்தது. இரண்டு குவளை குடித்தவர் மூன்றாவதைக் கையால் மூடினார். இந்த ஏழைகளின் சர்க்கரையைக் கரைக்கக் கூடாதாம். எங்கள் பக்கத்தில் மூன்றாவது குவளையை மூடினால் தேநீர் வாயில் வைக்க முடியவில்லை என்று அர்த்தம். இட்டோவின் முகம் சிவந்தது. கெட்டிலைக் கொட்டிவிட்டுப் புதுப் புதினா, புது இலை, இன்னும் ஒரு கட்டிச் சர்க்கரை உடைத்துப் போட்டுக் கொண்டுவந்தாள். அதையும் மூடினார். மூன்றாவது கெட்டிலின்போது மிமுன் அவர் காதில் என்னவோ சொல்ல, கண் கலங்கிக் குடித்தார்.

இதெல்லாம் வேடிக்கை. இரண்டாம் நாள் காலையில் நடந்தது வேடிக்கையில்லை.

கழுதையின் முதுகில் இரண்டு பக்கமும் தொங்கும் கூடையில் பாரம் ஏற்றுவது ஒரு வித்தை. இடது கூடையும் வலது கூடையும் ஒரே எடை இருக்கவேண்டும். ஒரு கையளவு கூடினாலும் சேணம் சரிந்து நாலு மணி நேரத்தில் முதுகைத் தேய்த்துப் புண்ணாக்கிவிடும். பாஸ்ஸு தராசு பார்க்கிறவரில்லை. பொருளை ஒருமுறை தூக்கிப் பார்ப்பார், அவ்வளவுதான். அவருடைய கழுதைக்கு இடப்பக்கம் எரிவாயு உருளை. வலப்பக்கம் அன்செல்மின் பை, பதினொரு கிலோ.

அன்செல்ம் வந்தார், நெற்றியில் கை வைத்தார், நான்கு மூச்சு விட்டார். பிறகு தம் பையைக் கூடையிலிருந்து எடுத்துத் தம் முதுகில் மாட்டிக்கொண்டார். “இனிமே இத நானே சுமக்கறேன். ஹென்ரியெத்துக்கு என்னால முடிஞ்சது.” கைதட்டலை எதிர்பார்த்துச் சற்று நின்றுவிட்டுப் போனார்.

கழுதை இடப்பக்கம் சாய்ந்து நின்றது.

“மத்த கழுதையில இருந்து எதாச்சும் எடுத்து இதுல போடலாமே மாமா?” என்றார் மிமுன்.

“எடுத்தா அது சாயும். அதுக்கு இன்னொண்ணுல இருந்து எடுப்பியா? மராகேஷ் வரைக்கும் எடுத்துக்கிட்டே போவியா?”

“அப்போ அவர்கிட்ட சொல்லிடுவோம், பையக் கூடையிலயே போடச் சொல்லி.”

“வேணாம். ஒரு வார்த்தை சொல்லாத.”

ஏன் வேண்டாம் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். போன வருடம் ஒரு சீமாட்டி, பாஸ்ஸுவின் கழுதை முகத்தில் மகிழ்ச்சி இல்லை என்று, எங்களை வேலைக்கு வைத்திருக்கும் மராகேஷ் நிறுவனத்துக்கு எழுதிப் போட்டுவிட்டாள். அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி விழுந்தது. இரண்டாவது குறி விழுந்தால் கழுதைக்காரர் பட்டியலிலிருந்து பெயரே போய்விடும். அதற்குப் பிறகு கழுதை எதற்கு, கோடை எதற்கு?

பாஸ்ஸு சரிவில் இறங்கினார். நாலைந்து கல்லைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றைக் கொண்டுவந்து வலது கூடையில் வைத்து மேலே சாக்கை மூடினார். கழுதை நிமிர்ந்தது.

ஆக, வாசகரே, அன்றிலிருந்து எங்கள் மலையில் நடந்த ஊர்வலம் இது: முன்னால் பதினொரு கிலோ கல்லைச் சுமந்துகொண்டு ஹென்ரியெத், பின்னால் அவளுடைய பாரத்தைக் குறைத்துவிட்ட பெருமையில், பதினொரு கிலோ பையைச் சுமந்துகொண்டு, நாக்குத் தள்ள மிஸ்யூ அன்செல்ம், அவருக்கும் பின்னால் நான். முதல் நாளிலிருந்தே அவர்தான் கடைசி என்பதால் ஏழு நாளும் என் பார்வைக்கு வாய்த்தது அவர் முதுகுதான். பையின் பட்டை அறுத்த இடத்தில் சட்டையில் உப்புக் கோடு. மலைவிடுதியில் பூட்ஸைக் கழற்றினால் குதிகாலில் கொப்புளம். சொல்லிவிடலாம் என்று தோன்றும். பிரெஞ்சில் வாக்கியத்தைக் கூட்டி வைத்திருந்தேன். பழைய சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல் போட்டு, மாற்றி மாற்றிச் செதுக்கி, அழகாகவே வந்துவிட்டது. வாயைத்தான் திறக்கவில்லை.

நான்காம் நாள் கணவாயில் ஆலங்கட்டி மழை. எல்லோரும் பாறைக்கடியில் ஒதுங்க, அன்செல்ம் தம் மழைக்கோட்டைக் கழற்றிக்கொண்டு ஹென்ரியெத்துக்குப் போர்த்தப் போனார். சாக்கைத் தூக்கினார். கல்லைப் பார்த்தார்.

“இது என்ன?”

“கல்லு,” என்றார் பாஸ்ஸு. அவருக்குத் தெரிந்த பிரெஞ்சுச் சொற்களில் அதுவும் ஒன்று.

“நான் பாரத்தக் குறைச்சேன். நீங்க கல்ல ஏத்துறீங்களா? ஒரு வாயில்லாப் பிராணி மேலயா? நான் எழுதுவேன். இத நிச்சயம் எழுதுவேன்.”

பாஸ்ஸுவுக்கு ‘எழுதுவேன்’ என்பதும் தெரியும். முகத்தில் ரத்தமே இல்லை. என் பக்கம் திரும்பினார். “யூபா, எடுத்துச் சொல்லுடா. மூணு நாளா உதட்ட உதட்ட அசைச்சிக்கிட்டுத்தானே வர்றே?”

“சமநிலை,” என்றேன். செதுக்கி வைத்த வாக்கியத்தில் அந்த ஒரு சொல்தான் வெளியே வந்தது.

“ஆமா, சமநிலை!” என்று கத்தினார் அன்செல்ம். “இயற்கையோட சமநிலையையே கெடுத்துட்டீங்க!”

பாஸ்ஸு என்னை ஒரு பார்வை பார்த்தார். கடைந்தெடுத்த கவிஞன் என்ற பார்வை. பிறகு இடது கூடையிலிருந்து உருளையை எடுத்து அன்செல்மின் இடது கையில் மாட்டினார். நட என்று சைகை காட்டினார். பொறியாளர் பத்தடி நடந்தார். ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, வலது தோள் வானத்தைப் பார்க்க, நொண்டி நடந்தார். பாஸ்ஸு ஓடிப்போய் அந்தக் கல்லை அவருடைய வலது கையில் வைத்தார். அன்செல்ம் நிமிர்ந்தார். திரும்பிப் பத்தடி நேராக நடந்து வந்தார்.

முப்பது வருடக் கணக்கு அவர் முகத்தில் வந்து போனதைப் பார்த்தோம். ஆலங்கட்டி தொப்பியில் பட்டுத் தெறித்தது.

சரி, புரிந்துவிட்டது, இனி பை கூடைக்குப் போய்விடும் என்றுதானே நினைக்கிறீர்கள்? உச்சுக்கொட்டியை உங்களுக்கு இன்னும் தெரியவில்லை. அவர் பாஸ்ஸுவின் தோளைப் பிடித்துக்கொண்டு, “இவ்வளவு அறிவு! பள்ளிக்கூடமே போகாம! உச்,” என்றார். பிறகு கல்லைத் தாமே கூடையில் வைத்துச் சாக்கை மூடினார். பை? “அத நான்தான் சுமப்பேன். ஹென்ரியெத்துக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.” கடைசிவரை கல்லும் போனது, பையும் போனது.

ஏழாம் நாள் மாலை, வட்டம் சுற்றி மறுபடி இட்டோ வீட்டுக்கே வந்தோம். அன்செல்ம் வாசல் பக்கம் அமர்ந்து நான்கு பக்கம் எழுதினார். நடுவில் பாஸ்ஸுவின் முழுப் பெயரைக் கேட்டார். போய்ச் சொன்னேன்.

“முழுப் பேரா?” பாஸ்ஸு கழுதையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். “போலீஸ்காரனும் அப்படித்தான் கேப்பான்.” ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, “இந்தக் கழுதைய விலைக்குக் கேட்டு இட்டோவோட தம்பி வந்தான் போன மாசம். நல்ல விலைதான் சொன்னான்,” என்றார். கழுதையைப் பார்க்காமல் சொன்னார்.

இப்போதாவது பேசிவிட வேண்டும் என்று அன்செல்மிடம் திரும்பி வந்தேன். எதிரில் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து என்னை வெகுநேரம் பார்த்தார். நான்கு மூச்சு இருக்கும். பிறகு ‘உச்’ என்றார். ஹென்ரியெத்தைப் பிரிகிற துக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, தொந்தரவு செய்யாமல் திரும்பிவிட்டேன்.

இந்த இடத்தில் உங்களை ஒன்று கேட்கவேண்டும். இதுவரை படித்ததில் எங்காவது உங்கள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியதா? பாஸ்ஸுவுக்காகவா, கழுதைக்காகவா, அந்தப் பெல்ஜியத்துக்காரரின் குதிகாலுக்காகவா? ஒட்டியிருந்தால் ஒரு பை எடுத்துக்கொண்டு வாருங்கள். எங்கள் பக்கம் கல்லுக்குப் பஞ்சமில்லை. நான் உங்கள் இனத்தில் சேர்ந்தவனில்லை என்றுதான் இலையுதிர்காலம் வரை நினைத்திருந்தேன்.

இலையுதிர்காலத்தில் மிமுன் மராகேஷிலிருந்து அந்தக் கடிதத்தின் நகலைக் கொண்டுவந்தார். பாஸ்ஸுவைப் பற்றி ஒரு பக்கம்: பாரத்தைப் பற்றித் தமக்குப் பாடம் நடத்தியவர் என்று. அவருடைய பழைய குறியை அழித்துவிட்டார்கள். மீதி மூன்று பக்கமும் என்னைப் பற்றி. எனக்கு வேலைப்பளு தாங்கமுடியாததாம், பேச்சே எழுவதில்லையாம், உடனே ஓய்வு தரவேண்டுமாம். சீசனின் கடைசி இரண்டு நடைக்கும் நிறுவனம் என்னை ஏன் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கடைசி வரி இது: “ஏழு நாளும் அந்தப் பையன் என் பின்னாலேயே, தாளமுடியாத சோகத்தோடு என் முதுகைப் பார்த்தபடி நடந்து வந்தான், அந்தக் கண்கள் அப்படியே ஹென்ரியெத்தின் கண்கள்.”