காது குத்திய கௌபாய்

நெய்வேலி டவுன்ஷிப்பில் யாரையும் முகத்தை வைத்து அடையாளம் காணத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் 'காது' சார்தான். மைன்ஸ் ஸ்டோர்ஸில் என்னோடு வேலை. ஷிப்ட் பஸ்ஸில் கடைசி சீட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் இருப்பவர்களின் காதுகளைப் பார்த்துக்கொண்டே வருவார். யாராவது பனிக்கு மப்ளர் கட்டிக் காதை மறைத்தால் கோபம் வந்துவிடும்.

காரணம், காமிக்ஸ். அவர் வீடு முழுக்கப் பழைய தமிழ் காமிக்ஸ். படம் வரைந்தவர் பெயர் எதிலும் இருக்காது. காதை வைத்தே சார் கண்டுபிடித்துவிடுவார். "மூஞ்சியைப் பார்த்துப் பார்த்து வரைஞ்சிடுவான். காதுல வந்து மாட்டிக்குவான்" என்பார். ஒரு கல்யாண ஆல்பத்தில், "இந்தக் காது இந்தப் பொண்ணோடது இல்ல, கம்ப்யூட்டர்ல ஒட்டியிருக்கான்" என்று சொல்லி, சம்பந்தி வீட்டாரிடம் அடி வாங்கப் பார்த்தார்.

போன வருஷம் பக்கத்து ஊர் வடக்குத்து மலர்விழி டீச்சரை நான்தான் அவரிடம் அழைத்துப் போனேன். ஒரு பழைய கௌபாய் காமிக்ஸ் மறுபதிப்பாக வரவிருந்தது. வரைந்தது இறந்துபோன தன் அப்பா என்கிறாள். கையில் ஆதாரம் எதுவும் இல்லை. "காது சார் சொன்னால் பெயர் போடுகிறேன், சாயங்காலம் அச்சுக்குப் போகிறது" என்றிருந்தார் பதிப்பாளர்.

சார் லென்ஸை எடுத்தார். ஒவ்வொரு பக்கமாகப் போனார்.

"குதிரை இத்தாலிக்காரனோடது" என்றார். "நிழல் அர்ஜென்டினாக்காரன். தொப்பி, துப்பாக்கி எல்லாம் வெளிநாட்டு காமிக்ஸைப் பார்த்துப் போட்டது."

"எங்கப்பாவோடது ஒண்ணுமே இல்லீங்களா?" என்றாள் மலர்விழி.

போன் அடித்தது. பதிப்பாளர். சார் எடுக்கவில்லை.

"இந்தக் காது மட்டும் யாரோடதும் இல்ல. ஷெரீப், கொள்ளைக்காரன் எல்லாருக்கும் கம்மல் ஓட்டை. அதுவும் கோணலா, மேல ஏறி. எந்த மடையன்..."

நான் அவர் தொடையைக் கிள்ளினேன். சார் நிமிர்ந்து மலர்விழியைப் பார்த்தார். "முடியை ஒதுக்கும்மா."

ஒதுக்கினாள். கம்மல் கோணலாக, மேலே ஏறி இருந்தது.

"காது குத்தறப்போ தலைய ஆட்டிட்டேனாம்" என்றாள். "சின்னதுல, அப்பா படம் போட்டுக்கினு இருக்கறப்ப பக்கத்துல அசையாம உக்காருன்னுவாரு. ஏன்னு நான் கேட்டதே இல்லீங்க."

சார் போனை எடுத்தார். "பேரைப் பெருசாப் போடுங்க" என்றார். மலர்விழி காதைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மார்கழிப் பனியிலும் நான் இப்போது மப்ளர் கட்டுவதில்லை. கடைசி சீட்டில் சார் இருக்கிறார்.