மடியில் மருமகள், இலையில் ஈரல்

செருப்பு ஏறவில்லை. அழகுபாண்டி கால் கட்டைவிரலைப் பார்த்தார். நாட்டுத் தக்காளி மாதிரி சிவந்து வீங்கியிருந்தது. உசிலம்பட்டியில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் நடக்காது.

"ராத்திரி ஆட்டுக்கால் சூப்பு குடிச்சும் கேக்கலையா?" என்றாள் மனைவி தங்கப்பொண்ணு. "கால்வலிக்குக் காலுதான மருந்து! இன்னும் ரெண்டு டம்ளர் இருக்கு."

குடித்தார். கொஞ்ச நேரத்தில் ஃபேன் காற்று பட்டாலே விரல் துடித்தது. டாக்டருக்குப் போன் போட்டார்.

"யூரிக் ஆசிட் மாத்திரை தினமும் போடுறீங்களா?"

"வலி போயிருச்சே மேடம், நிறுத்திட்டேன்."

"வலி இல்லாதப்பவும் போடணும்னுதான சொன்னேன்? அந்த ஆசிட் ரத்தத்துல கூடுனா ஊசி ஊசியா மூட்டுல படியும். இப்ப வீக்கத்துக்குக் குடுத்ததை மட்டும் சொன்ன அளவுல போடுங்க. மத்தது வீக்கம் வடிஞ்சப்பறம். ஆட்டுக்கால், ஈரல், குடல் எதையும் தொடாதீங்க!"

அங்கேதான் சிக்கல். மூன்று வருஷத்துக்கு முன் தங்கை வீட்டு விசேஷத்தில், ஏதோ வாய்த்தகராறில் இலையைத் தொடாமல் எழுந்துவிட்டார். அதோடு பேச்சு நின்றது. இப்போதுதான் உறவு ஒட்டியிருக்கிறது. இன்றைக்கும் கறியை ஒதுக்கினால் தங்கை முனீஸ்வரி ஆயுசுக்கும் அவர் முகத்தில் முழிக்க மாட்டாள்.

பாத்ரூம் செருப்போடு சீர்த்தட்டு தூக்கி நடந்தார். குழந்தையை மடியில் வைத்தார்கள். காது குத்தியதும் அது வீறிட்டு ஓர் உதை விட்டது. நேராகக் கட்டைவிரலில். அழகுபாண்டி குழந்தையைவிடச் சத்தமாக அலறினார்.

"தாய்மாமனுக்கு என்னா பாசம் பாத்தியா!" என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பந்தியில் தங்கை கணவர் சோணை, அழகுபாண்டியின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"சாப்பிடுங்க மச்சான். ஒங்களுக்குன்னே ஈரலு!"

"நீங்களும் சாப்பிடுங்க மாப்ள!"

சோணை வாசல் பக்கம் திரும்பியதும் அழகுபாண்டி இரண்டு துண்டை அவர் இலைக்குத் தள்ளினார். எதிரே வந்த தங்கையைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் குனிந்தால், தன் இலையில் நான்கு. நாலையும் தள்ளினார். தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தால் ஏழு.

"என்னண்ணே, ஒண்ணும் தொடல?" முனீஸ்வரி இலையை எட்டிப் பார்த்தாள். "இன்னும் கோவமா?"

"ச்சே, இல்ல தாயி!"

விரல் போனால் போகட்டும், தங்கை வேண்டும். அழகுபாண்டி கண்ணை மூடி ஒரு துண்டை வாயில் போட்டார். தங்கை நிம்மதியாக அடுத்த வரிசைக்குப் போனாள். சோணை யாரையோ வரவேற்க எழுந்து நொண்டிக்கொண்டே போனார்.

கறிவாளியோடு பரிமாற வந்த நல்லகாமனிடம் அழகுபாண்டி சீறினார். "அள்ளி அள்ளி எம்புட்டுய்யா வைப்ப?"

நல்லகாமன் குனிந்து காதோரம் சொன்னான். "நான் ரெண்டு இலைக்கும் ஒருக்காதாண்ணே வச்சேன், சோணையண்ணனுக்கும் கட்டைவிரல் வீக்கமாம், கறி வேணாம்னு சொன்னா மச்சான் மறுபடியும் கோவிச்சுக்கிருவாருன்னுதான் சத்தமில்லாம ஒங்க இலையில தள்ளிவிட்டுக்கிட்டு இருக்காரு."