ஆறாவது ஆள்

மாமனார் வாயிலிருந்து ஒரு 'சபாஷ்' வாங்காமல் இந்த முறை விடுவதில்லை என்று லிஃப்ட்காரர் முடிவு செய்துவிட்டார்.

மாமனார் லேசுப்பட்டவர் இல்லை. முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். நூறு பேர் நெருக்கியடித்து நின்றாலும், சீட்டு வாங்காதவன் யார் என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவார். கல்யாணம் ஆன இந்த நாலு வருஷத்தில் மாப்பிள்ளையைப் பார்த்து "ம்" என்பதற்கு மேல் அவர் ஒரு எழுத்துகூடக் கூட்டிச் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவர், மாமியாரையும் மூத்த மகளையும் கடைக்குட்டி மகனையும் அழைத்துக்கொண்டு, மகள் குடித்தனம் இருக்கும் தூரத்து ஊருக்கு முதல்முறையாக விமானத்தில் வருகிறார். சனிக்கிழமை காலை பத்தரைக்கு இறங்குகிறார்கள். பேத்தி பிறந்து பத்து மாசம் ஆகிறது. போனில் பார்த்ததோடு சரி. இன்னும் ஒருவரும் தூக்கவில்லை.

"டாக்சி வேண்டாம்," என்றார் லிஃப்ட்காரர் மனைவியிடம். "ஆயுசு பூரா சீட்டு கிழிச்சுக் கொடுத்த மனுஷன். எந்தச் சீட்டு சரியான சீட்டுன்னு அவருக்கே நான் காட்டறேன் பாரு."

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. ரயில் படம், பஸ் படம், விதிமுறைக் காகிதங்கள். தனிச் சீட்டு எடுத்தால் விமான நிலையத்துக்கென்று ஒவ்வொரு தலைக்கும் கூடுதலாகக் கேட்கிறார்கள். பத்து நடைச் சீட்டு விமான நிலையத்துக்குச் செல்லாது. மூன்று நாள் சீட்டுக்குப் போட்டோ வேண்டும். மனுஷன் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போதுகூட, "மூணாவது நிறுத்தத்துல மாறணும், ஆ காட்டு," என்றுதான் ஊட்டினார்.

புதன்கிழமை சாயங்காலம் துள்ளிக் குதித்தார்.

"கண்டுபிடிச்சுட்டேன்! குழுச் சீட்டு! அஞ்சு பேருக்கு ஒரே சீட்டு. காலைல ஒன்பது மணிக்கு மேல நாள் பூரா போகலாம், வரலாம். கைக்குழந்தைக்குச் சீட்டே வேண்டாம்!"

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. "அப்போ நாமளும் பாப்பாவைத் தூக்கிட்டுப் போகலாமாங்க?"

"நாமளா? வர்றது நாலு பேர். கூட்டிட்டு வர நான் ஒரு ஆள். அஞ்சு ஆச்சா? நீயும் வந்தா ஆறு."

"ஆறானா என்னங்க?"

"ஆறாவது ஆள் ஏறினா மணி அடிக்கும்!"

அது அவர் தொழில் பேச்சு. மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எட்டுப் பேர் என்று எழுதியிருந்தால் எட்டுதான். ஒன்பதாவது ஆள் காலை வைத்தால் மணி அலறும், கதவு மூடாது. உலகத்தையே அவர் அப்படித்தான் பார்ப்பார்.

"அதுக்கில்லைங்க. அம்மா வெளியில வர்றப்போ பாப்பாவைக் கையில வெச்சுட்டு எதிர்ல நிக்கணும்னு ஆசையா இருந்துச்சு. நாலு வருஷம் ஆச்சு..."

"நம்ம வீட்டு வாசல்ல நில்லேன்! ஒரு மணி நேரத்துல என்ன ஆயிடப் போகுது? பசியோட வருவாங்க. வீட்ல ஒருத்தர் சமைச்சு வைக்க வேண்டாமா? இன்னொரு சீட்டு வாங்கினா என் ஒரு வாரப் பாடு வீண்."

"சரிங்க," என்றாள்.

அவள் 'சரிங்க' என்றால் பேச்சு முடிந்தது என்று லிஃப்ட்காரர் நினைத்தார். நாலு வருஷம் குடும்பம் நடத்தியும் அந்தச் சொல்லைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

சீட்டு கொடுக்கும் ஜன்னல் அவருடைய வேலை நேரத்தில்தான் திறந்திருக்கும். வியாழக்கிழமை குழந்தைக்குத் தடுப்பூசி போட மனைவி அந்த வழியாகப் போக வேண்டியிருந்தது. கூச்ச சுபாவக்காரி, ஜன்னலில் திணறுவாளே என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியே கொடுத்தார். 'குழுச் சீட்டு ஒன்று. ஐந்து பேர். சனிக்கிழமை.'

சாயங்காலம் அவள் உறையோடு நீட்டினாள். சாமி படத்துக்குக் கொடுக்கிற மரியாதையோடு அதை அலமாரியில் வைத்தார்.

சனிக்கிழமை. குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, மணி எட்டேமுக்காலுக்கு உறையைப் பிரித்தார். பிரித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது என்னடி, இதுல உன் பேரு?"

"ஜன்னல்ல இருந்த அக்கா, யார் பேர் போடணும்னு கேட்டாங்க. நீங்க எழுதிக் கொடுத்ததுல பேரே இல்லைங்க."

"என் பேரைச் சொல்றது!"

"பின்னாடி பெரிய வரிசை. பயத்துல சட்டுனு என் பேருதான் வாயில வந்துச்சு."

"சரி, பேர்தானே. இருந்துட்டுப் போகட்டும்."

"பின்பக்கம் பாருங்க."

பார்த்தார். எறும்பு சைஸில் ஒரு வரி. சீட்டில் பெயர் உள்ளவர் பயணம் முழுக்கக் குழுவோடு இருக்க வேண்டும். ஒரு வாரம் மேசையைக் கட்டிக்கொண்டு அழுதவர் கண்ணில் இந்த ஒரு வரி படவே இல்லை.

"கூடவே இருப்பீங்களான்னு அந்த அக்கா கேட்டாங்க," என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "இருப்பேன்னு சொல்லிட்டேன்."

அப்போதுதான் அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். தலை வாரி, பூப்போட்ட சேலை கட்டியிருந்தாள். குழந்தைக்குப் புதுக் கவுன். தோளில் பால் பாட்டில் பை.

"அப்போ நான்?"

"நீங்களும் வாங்களேன். ஆனா வர்றவங்க நாலு, நான் ஒண்ணு, அஞ்சு. நீங்க வந்தா..." என்று நிறுத்தினாள். மிச்சத்தைச் சொல்லக் கூச்சம்.

"மணி அடிக்கும்," என்று அவரே முடித்தார்.

"எனக்கு மட்டும் தனிச் சீட்டு எடுத்தா?" என்று கடைசியாக ஒருமுறை முட்டிப் பார்த்தார்.

"உங்க ஒரு வாரப் பாடு வீணாயிடுமேங்க. காய் நறுக்கி வெச்சிருக்கேன். அரிசி களைஞ்சு வெச்சிருக்கேன். அடுப்பைப் பத்த வெச்சாப் போதும்."

ரயிலடி வரைக்கும் கூடவே போனார். "மூணாவது நிறுத்தம்! மூணாவது!" என்று கண்ணாடி வழியாக மூன்று விரலைக் காட்டினார். உள்ளேயிருந்து குழந்தை ஐந்து விரலையும் ஆட்டி டாட்டா காட்டியது.

வீட்டுக்கு வந்து அடுப்போடு மல்லுக்கட்டினார். சோறு குழைந்தது. உருளைக்கிழங்கு ஒரு பக்கம் கரியாகி, மறுபக்கம் பச்சையாகவே இருந்தது. பன்னிரண்டு மணிக்கு மேல் ஜன்னலை விட்டு நகரவில்லை. மாறும் இடத்தில் தவற விட்டாளோ? பெட்டிகளோடு படி ஏற முடிந்ததோ?

பன்னிரண்டரைக்குத் தெருமுனையில் தெரிந்தார்கள். முன்னால் மாமனார். மாமியார் இடுப்பில் குழந்தை. பெட்டியை மச்சினன் உருட்டி வந்தான். அக்காவும் தங்கையும் கையைக் கோத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு, சிரித்துக்கொண்டு. மனைவியின் கண் அழுது வீங்கியிருந்தது. முகம் மட்டும் விளக்கேற்றிய மாதிரி இருந்தது. இந்த முகத்தை வீட்டு வாசலில் நிறுத்தி வைக்கப் பார்த்தோமே என்று லிஃப்ட்காரருக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது. நல்லவேளை, அந்த ஜன்னல்காரம்மா பெயரைக் கேட்டாள் என்று மனசுக்குள்ளேயே ஒரு கும்பிடு போட்டார்.

வாசலில் மாமியார் குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு, அவர் இரண்டு கையையும் கரண்டியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "நீங்க நல்லா இருக்கணும் மாப்பிள்ளை! கதவு திறந்ததும் இவளும் குழந்தையும் எதிர்ல நின்னாங்க. எனக்குப் பேச்சே வரலை. அவளை அனுப்பிட்டு நீங்க அடுப்படியில நிக்கறீங்களாமே! எந்த ஆம்பளைக்கு வரும் இந்த மனசு?"

லிஃப்ட்காரர் திருதிருவென்று விழித்தார். மனைவி குறுக்கே வந்தாள்.

"எல்லாம் அவர் திட்டம்தாம்மா. சீட்டுகூட ஒரு வாரமா அவர்தான் தேடிக் கண்டுபிடிச்சார்." சொல்லிவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதில் கேலி இல்லை, நன்றிதான் இருந்தது. அவருக்கு இன்னும் கூச்சமாகப் போயிற்று.

"அந்தச் சீட்டை இப்படிக் கொடு," என்றார் மாமனார்.

வாங்கினார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் திருப்பிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு எறும்பு எழுத்தையும் படித்தார். பெயரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அப்புறம், குழைந்த சோற்றுக் கரண்டியோடு நின்ற மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். மீசைக்குக் கீழே என்னவோ அசைந்தது. லிஃப்ட்காரர் காதைத் தீட்டிக்கொண்டார். வருகிறது, 'சபாஷ்' வருகிறது!

மாமனார் அவர் தோளில் கையைப் போட்டார்.

"முப்பது வருஷ சர்வீஸ்ல, சீட்டு வாங்காம ஏறினவங்களை ஆயிரம் பேர் பார்த்திருக்கேன் மாப்பிள்ளை. சீட்டு வாங்கிட்டு ஏறாம நின்ன ஒரே ஆள் நீங்கதான்."