ரீச்சர்ட வளவுல ராஸ்பெரிக் களவு

போன மாசம் ஒரு சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பக்கத்து வளவுப் பள்ளிக்கூட ரீச்சரிட்டப் போய் ஒரு ராஸ்பெரிக் கன்று வாங்கிட்டு வாறது.

வேலி தாண்டினா ரீச்சர்ட வீடு. அஞ்சு நிமிச வேலை எண்டு நினைச்சன். நான் எண்டைக்கு ஒழுங்கா நினைச்சிருக்கன்!

ரீச்சர்ட மகள் மலைநாட்டுப் பக்கம், குளிரான பண்டாரவளையில கலியாணம் முடிச்சவ. அங்கயிருந்து வந்த செடி அது. எங்கட செட்டிபாளையத்து மணலுக்கும் வெயிலுக்கும் ஒரு கிழமை தாங்காது எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சது நான்தான். அது கிணத்தடி ஈரத்துல நிண்டு காய்ச்சும் போட்டுது! என்ட மனிசி சுதா ரெண்டு பழம் திண்டு பாத்தா. அண்டையில இருந்து வீட்ட வேற கதையே இல்ல.

"ரீச்சர், ஒரு பக்கக்கன்று தருவீங்களா? வேரோட கிண்டி எடுக்கிறன்" எண்டு கேட்டன்.

ரீச்சர் பதறிப் போனா. "ஐயோ தம்பி, நான் தந்தா அது துளிர்க்காது! கன்று எண்டா களவெடுத்துத்தான் நடவேணும். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். கறிவேப்பிலை, வெத்திலைக்கொடி எல்லாம் எங்கட ஊர்ல அப்பிடித்தான். ஆனா ராஸ்பெரிக்குமா?

"பண்டாரவளையில எப்பிடியோ, இஞ்ச வந்தா இஞ்சத்த முறைதான். நாலு மணிக்கு நான் குசினிக்குள்ள சமையல்ல நிப்பன். நீங்க வேலியில இருக்கிற பொட்டு ஓட்டைக்குள்ளால வாங்க. நான் ஒண்டும் காணல்ல."

கள்ளனுக்கு நேரம் குறிச்சுக் குடுத்த வீட்டுக்காரி உலகத்துலயே இவதான்!

எனக்கு ஒரு பயம் இருந்துது. அடுத்த நாள் கோயில் பொதுக்கூட்டம். பொருளாளரா என்னைத்தான் போடுறதா கதை. உண்டியல் பூட்டுட திறப்பு என்ட கைக்கு வரப்போகுது. கன காலமா நான் ஆசைப்பட்ட பதவி. இந்த நேரம் பாத்து வேலி பூர்றதா?

"பகிடிக் களவுதானே, போங்க" எண்டு சுதா சின்ன மண்வெட்டியக் கையில தந்தா.

நாலு மணிக்குப் பூந்தன். தாய்ச்செடிக்குக் கொஞ்சம் தள்ளி, வேர்ல இருந்து நல்ல கன்று ஒண்டு கிளம்பி நிண்டுது. குந்தியிருந்து சுத்திவரக் கிண்டி, வேர் அறாமத் தூக்கினன். வெற்றி! எழும்பினன். நான் எழும்பினன், இடுப்புல கட்டின சாரன் எழும்பல்ல.

ராஸ்பெரிக்கு முள் இருக்கெண்டு அப்பதான் எனக்கு ஞாபகம் வருது. முன்னால கழட்டினா பின்னால கொழுவுது. பின்னால கழட்டினா கையக் கீறுது.

அந்த நேரம் பாத்து தங்கராசா அண்ணன் வாவியில மீன் பிடிச்சிட்டு, தோள்ல வீச்சு வலையோட ஒழுங்கையால வாறார். வேலிக்கு மேலால எட்டிப் பாத்தார். அவர் கண்டது ஒரு முதுகும் பாதிச் சாரனும்தான்.

"கள்ளன்! கள்ளன்!"

வலைய எறிஞ்சார் பாருங்க! வாவியில ஒரு நாளும் அது அப்பிடி வட்டமா விரிஞ்சிருக்காது. நானும் செடியும் ஒண்டா அம்பிட்டம்.

ஒழுங்கையே கூடிட்டு. "அட, இது நம்மட தம்பிதானே!"

"அண்ணே, ரீச்சர் சொல்லித்தான் வந்தனான்! கேட்டுப் பாருங்க!" எண்டு வலைக்குள்ள இருந்து கத்தினன்.

ரீச்சர் அகப்பையோட வெளியில வந்தா. என்னைப் பாத்தா. என்ட கையில இருந்த கன்றைப் பாத்தா.

"எனக்கு ஒண்டும் தெரியா" எண்டா.

"ரீச்சர்!"

"நான் ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்கல்ல. இவர் களவெடுத்திருக்கார்."

மறுகா வலைக்குப் பக்கத்துல குனிஞ்சு மெதுவாச் சொன்னா: "வேர் காய முதல் கெதியாக் கொண்டு நடுங்க தம்பி."

தங்கராசா அண்ணனுக்கு என்னைப் பத்திக் கவலையே இல்ல. முள்ளில கொழுவின வலைதான் கவலை. ஒவ்வொரு கண்ணா எடுத்து முடியும் வரைக்கும் நான் உள்ள! வழியால போனவங்க எல்லாம் என்ன மீன் எண்டு எட்டிப் பாத்துட்டுப் போனாங்க.

அடுத்த நாள் கூட்டம். என்ட பேரை வாசிச்சாங்க. தங்கராசா அண்ணன் எழும்பினார்.

"கன்று களவெடுக்கிறது பிழையில்ல. நாங்களும் எடுக்கிறதுதான். ஆனா பட்டப்பகல்ல ஒரு கன்றைப் பிடிபடாம எடுக்கத் தெரியாதவர்ட கையில உண்டியல எப்பிடிக் குடுக்கிறது?"

எல்லாரும் தலையாட்டினாங்க. ஒரு கையும் எழும்பல்ல. ரீச்சராவது தூக்குவா எண்டு பாத்தன். ரெண்டு கையையும் மடியில இறுக்கி வெச்சுட்டு இருந்தா!

வெளியில வந்ததும் போய் மறிச்சன். எனக்கு அழுகையே வந்துட்டு. "ஏன் ரீச்சர், நீங்களுமா?"

"நான் கை தூக்கினா அது களவில்லையெண்டு ஆயிரும் தம்பி. கன்று பட்டுப்போகும். உங்களுக்காகத்தான்!"

கன்று நல்லாத் துளிர்த்து நிக்குது. உண்டியல் திறப்பு தங்கராசா அண்ணன்ட இடுப்புல தொங்குது.

இனி எனக்குக் கன்று வேணுமெண்டா சந்தையிலதான், பில்லோட, துளிர்க்காட்டியும் பரவாயில்ல.