ஒரு பானைக்கு மூன்று சாட்சிகள்

சிவரூபன் சேர் எதிர்பார்த்தது ஒரே ஒரு காக்காவை, முஸ்லிம் அண்ணன் ஒருவரை. காலைத் தேநீர் முடிவதற்குள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த மண்டபத்தில், ஓகஸ்ட் விடுமுறையில், வரலாற்று ஆசிரியர்களுக்குக் கருத்தரங்கு. தலைப்பு ‘போரும் சமூக மாற்றமும்’. லீவு நாளில் பிடித்து உட்காரவைத்தால் ஆசிரியர்களும் பிள்ளைகளைப் போலப் பின்வரிசைக் கதிரையைத்தான் தேடுவார்கள். அவர்களை விழித்திருக்க வைக்க, கருத்தரங்கை நடத்திய கலாநிதி சிவகாமிப்பிள்ளை ஒரு வேலை கொடுத்திருந்தார். கடைசி நாளன்று ஒவ்வொருவரும் போர்க்காலத்தைக் கண்ட ஒரு சாட்சியைக் கூட்டிவர வேண்டும்.

யாரைக் கூட்டிவருவது என்பதில் சிவரூபனுக்குச் சந்தேகமே இல்லை. எங்கே தேடுவது என்பதுதான் தெரியவில்லை. இரண்டாயிரத்து ஆறில் சம்பூரை விட்டு ஓடி அலைந்த அவர் குடும்பத்தை, கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் ஒரு முஸ்லிம் மனிதர் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டார். ஒரு நாள் திடீரென்று அகதி முகாமுக்கு ஏற்றிப்போகப் பஸ் வந்தது. ஏறச் சொன்னார்கள், ஏறினார்கள். சோறு போட்ட மனிதர் அந்த நேரம் வீட்டில் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் வந்தது அப்பா வேலாப்போடியைக் கடைசிவரை அரித்தது.

“அந்தக் காக்காவைக் கண்டா நான் சொன்னனெண்டு சொல்லு” என்றுதான் அவர் கண்ணை மூடினார். என்ன சொல்ல வேண்டும் என்பது மகனுக்குத் தெரியும். ஆறு வயதில் கண்ட காக்காவின் முகம்தான் நினைவில் இல்லை, பெயரும் தெரியாது. குறிஞ்சாக்கேணித் தெருவில் நின்று “காக்கா” என்று கூப்பிட்டால் பாதி ஊர் திரும்பிப் பார்க்கும்.

ஆகவே பள்ளிவாசலுக்குப் போய் மோதினாரிடம் விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. தொழுகைக்கு அழைக்கிற மோதினாருக்கு ஊரில் எல்லார் கதையும் அத்துப்படி. அவர் சிவரூபனின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஒலிபெருக்கியில சொல்லிவிடுறன் சேர். ஆள் வருவார். யோசிக்காமப் போங்க.”

கடைசி நாள் காலை, மண்டபத்துக்கு ஆள் வந்தார். வெள்ளைச் சாரம், வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி.

“நான் ஜவாஹிர். வேலாப்போடி அண்ணன்ட மகனா? நல்லா வளந்திட்டீங்க.”

சிவரூபன் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்டது.

“சேர், நான் முனீப். உங்கட குடும்பம் எங்கட வீட்டதான் இருந்த.”

சோறு போட்ட கை எது என்று தெரியாமல் யாரைப் பார்த்து “நீங்கள் சொல்வது பொய்யா” என்று கேட்பது? சிவரூபன் வரலாறு படித்தவர். ஆதாரத்தைச் சோதித்துவிடலாம் என்று முனீபைத் தூணுக்கு அந்தப் பக்கம் அழைத்துப் போனார்.

“அப்பாக்கு என்ன சாப்பாடு குடுத்தீங்கள்? ஞாபகம் இருக்கோ?”

“மறக்க ஏலுமா? அவர் மச்சம் மாமிசம் தொடமாட்டார். எங்கட சட்டியில சமைச்சா அவருக்கு மனசு ஒப்பாதெண்டு புதுப் பானை ஒண்டு வாங்கின. அதில மரக்கறி மட்டும்தான் ஆக்கின.”

அப்பா சாகும்வரை சொன்ன அதே பானை. ஆளைக் கண்டுபிடித்தாயிற்று. இருந்தாலும் ஒரு நியாயத்துக்காக ஜவாஹிரிடமும் கேட்டார்.

“புதுப் பானையில்தான் தம்பி ஆக்கின. நான்தான் வாங்கின.”

கேட்காமலே இருந்திருக்கலாம்.

அந்த நேரம் பார்த்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கியவர் பெயர் நுஸ்கி. வயது முப்பத்தைந்துக்கு மேல் போகாது.

“உங்கட குடும்பத்த வெச்சிருந்த நான்தான் சேர்.”

“அப்ப உங்களுக்கு என்ன வயசு?”

“பதினாறு. வாப்பா வெளிநாட்டில. வீட்டுப் பொறுப்பு நான்தான்.” பிறகு யாரும் கேட்காமலே, “பானையும் நான்தான் வாங்கின” என்றார்.

உள்ளேயிருந்து கலாநிதி வந்தார். “சிவரூபன், அடுத்தது உங்கட சாட்சி. கதிரை போட்டாச்சு.”

“மூன்று கதிரை வேணும் மெடம்.”

“ஏன்?”

பொய் சொல்லிப் பழகாதவர்கள் அவசரத்துக்குச் சொல்லக் கூடாது. சிவரூபன் சொன்னார். “அவையள் சகோதரங்கள். ஒரே வீடு.”

கலாநிதி பூரித்துப்போனார். சிவரூபன் தடுப்பதற்குள் உள்ளே போய் ஒலிவாங்கியில் அறிவித்துவிட்டார். “ஒரே வீட்டைச் சேர்ந்த மூன்று சகோதரர்கள், இப்போது உங்கள் முன்னால்.”

முன்வரிசையில் இருந்த கிண்ணியா ஆசிரியை றிஷானா, சிவரூபனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

“சேர், என்ன வேலை பாத்திருக்கீங்க? ஜவாஹிர் காக்காவும் முனீப் காக்காவும் வேலிச் சண்டையில முகம் பாத்தே பத்து வருஷம். பெருநாளைக்கும் சலாம் சொல்றல்ல.”

மேடையில் இருவரும் நுஸ்கியை நடுவில் வைத்து, ஒருவர் கடலையும் மற்றவர் சுவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டைப் பற்றியும் பானையைப் பற்றியும் கேட்ட கலாநிதி, பல்கலைக்கழகப் பழக்கத்தில் அடுத்த கேள்வியைப் போட்டார்.

“சரி, அந்தப் பானையை வாங்கினது உங்களில ஆர்? மூத்தவர் சொல்லுங்கோ.”

தன்னை நம்பி வந்த மூன்று பேரும் இத்தனை பேர் முன்னால் தலைகுனியப் போகிறார்கள், அப்பாவின் நன்றி இப்படியா போய்ச் சேர வேண்டும் என்று சிவரூபனின் மனம் அடித்துக்கொண்டது.

ஜவாஹிர் மெல்லத் திரும்பி முனீபைப் பார்த்தார்.

“தம்பிதான் வாங்கின. நான் கூடப் போன.”

முனீப் தடுமாறிவிட்டார். “இல்ல, தட்டிப் பாத்துத் தெரிஞ்செடுத்த காக்காதான்” என்றார்.

“தூக்கிட்டு வந்த நான்” என்றார் நுஸ்கி.

மண்டபம் சிரித்தது. மூன்று மூலாதாரங்களும் ஒத்துப்போகின்றன என்று கலாநிதி மனநிறைவோடு சொன்னார்.

சிவரூபன் மேடையேறினார். எழுதிவைத்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. “அப்பா சொல்லாம வந்திட்டார். அவருக்காக நான் சொல்லுறன். பெரிய நன்றி” என்று மட்டும் சொல்லி, ஜவாஹிரின் காலைத் தொடக் குனிந்தார். ஜவாஹிர் பதறிப்போய்த் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

“காலைத் தொடுறது எங்களுக்குக் கூடாது தம்பி. உங்கட அப்பாட நன்றி வந்து சேந்திட்டு. அதுக்கு நான் பொறுப்பு.”

முனீப் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். நுஸ்கி வெளிப்படையாகவே அழுதார். பின்வரிசையில்கூட ஒருவரும் தூங்கவில்லை.

உண்மையான காக்கா யார் என்று சிவரூபன் அதற்குமேல் யோசிக்கவில்லை. மூவரில் ஒருவருக்கு நன்றி போய்ச் சேர்ந்திருக்கும். மற்ற இருவருக்கும் சும்மா கிடைத்ததில் யாருக்கு என்ன நட்டம்? இத்தனை வருஷமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கி, அவருக்குப் பசியே எடுத்தது.

வாசலில் முனீப் தன் ஓட்டோவைக் கிளப்பினார். ஏறச் சொல்லி யாரையும் கூப்பிடவில்லை. ஜவாஹிருக்கு முன்னால் கொண்டுவந்து சும்மா நிறுத்தி வைத்திருந்தார். ஜவாஹிரும் ஒன்றும் கேட்கவில்லை, ஏறிக்கொண்டார். இரண்டு பேரும் ஒரே வண்டியில் கிண்ணியாப் பக்கம் போனார்கள்.

அதைப் பார்த்துக்கொண்டே சிவரூபன் மோதினாருக்குத் தொலைபேசி எடுத்தார்.

“மோதினார், நீங்கள் செய்தது பெரிய உதவி. ஒரு விசயம், நான் ஒராளைத்தான் கேட்டனான். மூன்று பேர் வந்திட்டினம்.”

“மூணு பேருமா வந்த?”

“ஓம். நீங்கள் ஒலிபெருக்கியில சொன்னதை எல்லாரும் கேட்டிருக்கினம் போல.”



“நான் ஒலிபெருக்கியில சொல்லவேயில்ல சேர். உங்கள வெச்சிருந்த உதுமாலெவ்வை காக்கா மௌத்தாகி, அடக்கிக் கனகாலம். உங்கட முகத்தப் பாத்து அதைச் சொல்ல எனக்கு ஏலாமப் போச்சு. அதான், உங்கட நன்றியை வாங்க ஒராளாவது வரட்டுமெண்டு, மூணு பேரிட்டயும் தனித்தனியாப் போய், பானைக் கதையையும் சொல்லிக் குடுத்துக் கெஞ்சின.”