பிழைதிருத்திக்கு ஒரு பதக்கம்

எதிர்வீட்டுக் கண்டக்டருக்குப் பதக்கம் வந்த அன்று பிழைதிருத்திக்குப் பதற்றம் வந்தது.

கண்டக்டர் நாள்தோறும் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு மட்டும் ரிசர்வ் படைச் சிப்பாய். போர் என்று ஒன்று வந்தால் கூப்பிடுவார்கள். அதுவரை மாதம் ஒருமுறை முகாமுக்குப் போய்ப் பயிற்சி எடுத்து வந்தால் போதும். வருஷக்கணக்காக விடாமல் போனவர்களுக்கு நீண்ட சேவைப் பதக்கம் உண்டு. அதைச் சட்டையில் குத்திக்கொண்டு, குப்பை கொட்டப் போகும்போதுகூட நெஞ்சை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார் மனிதர்.

பிழைதிருத்தியும் ரிசர்வ் படைதான். வேறு பிரிவு, வேறு முகாம். அச்சகத்தில் பிழை திருத்துவது அவர் தொழில். ஊரார் பிழையில் பிழைப்பு நடத்துகிறவர். ஒரு துணைக்கால் விட்டுப்போனாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. துணைக்கால் அளவுக்குத் துணைவியைக் கவனித்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

நடந்தது இதுதான். பல வருஷத்துக்கு முன்னால், முகாமில் ஒரு மழை நாள். சேற்றில் குப்புறப் படுத்து முழங்கையால் ஊர்ந்துகொண்டிருந்தபோது அவருக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. எழுந்து போய், தீராத முதுகு வலி என்று ஒரு விண்ணப்பம் எழுதினார். ஒரு பிழை இல்லாத விண்ணப்பம். முகாமில் அதைப் படித்து உருகிப்போய், 'முதுகுக் கோளாறு, பயிற்சியிலிருந்து விலக்கு' என்று பதிவுசெய்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவரும் வீட்டுக்கு வந்தார். வந்தவர் வீட்டில் சொல்ல மட்டும் மறந்துவிட்டார்.

அன்றிலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் சீருடை மாட்டி, பூட்ஸ் கட்டி, கனமான பையை முதுகில் ஏற்றி, வாசலில் விறைப்பாக நின்று விடைபெறுவார். பஸ் பிடித்து நேரே மெத்தைக்கடைக்குப் போவார். கடைக்காரர் பால்ய சிநேகிதர். மாடியில் புது மெத்தைகளை அடுக்கிவைத்திருப்பார். அவற்றில் படுத்து, மேடு பள்ளம் இருக்கிறதா என்று சொல்ல அவருக்கும் ஓர் ஆள் தேவையாக இருந்தது. பிழைதிருத்தி படுத்தால் பள்ளம் மட்டுமல்ல, பஞ்சில் ஒரு கொட்டை கிடந்தாலும் சொல்லிவிடுவார். ஞாயிறு சாயங்காலம் கடையின் கொல்லைப்பக்கம் போய் நாலு தடவை மண்ணில் புரண்டுவிட்டு, நொண்டிக்கொண்டே வீடு திரும்புவார். நாட்டுக்கு அவர் ரிசர்வ் படை. மெத்தைக்கடைக்கு அவர் ரிசர்வ் படுக்கை.

இதெல்லாம் எதற்கு என்றால், வாரக் கடைசி என்பது அவர் மனைவி வீட்டைப் பிரித்து மறுபடி கட்டும் நேரம். பீரோ வடக்கே போகும். கட்டில் தெற்கே வரும். தண்ணீர்த் தொட்டிக்குள் ஒருவர் இறங்கியாக வேண்டும். அந்த ஒருவர் யார் என்று கேட்கவே வேண்டாம்.

மனைவி குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் இருந்தாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை குழாயில் காற்று வருகிறது, புழு வருகிறது, ஒன்றுமே வரவில்லை என்று வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது வேலை. ஒரு புகாரை எப்படியெல்லாம் கிடப்பில் போடலாம் என்று தெரிந்தவளுக்கு, எப்படி எழுதினால் கிடப்பில் போட முடியாது என்பதும் தெரியும்.

பதக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"என்னங்க, உங்களுக்கு ஏன் வரலை?"

"எது?"

"மெடல். கண்டக்டருக்கு முன்னாலேயே சேர்ந்தவர் நீங்க."

"நான் மெடலுக்காகவா போறேன்? கடமைக்குப் போறேன்."

"கடமைன்னா கடமைக்குப் போறவருக்குத்தானே கொடுக்கணும். கண்டக்டர் சட்டை வெள்ளையாத்தான் திரும்பி வருது. அவர் வீட்டம்மாவே சொன்னாங்க. உங்க சட்டையைத் துவைச்சா வாளியில வயலே தெரியுது."

"விடும்மா. பேரு புகழெல்லாம் நமக்கு ஆகாது."

"உங்களுக்கு ஆகாம இருக்கலாம். அதைத் துவைச்ச எனக்கு ஆகும்."

அவள் எழுதிப் போட்டாள். பதிவு அலுவலகத்திலிருந்து பதிலும் வந்தது. இரவல் வாங்கிய குரலில் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

"'முதுகுக் கோளாறு காரணமாகப் பயிற்சியிலிருந்து விலக்கப்பட்டவர். பதக்கத்துக்குத் தகுதி இல்லை.'" தலையைத் தூக்கினாள். "என்னங்க இது?"

பிழைதிருத்தி கடிதத்தை வாங்கிப் பார்த்தார். இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைக்கூடத் திறந்தார். அதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"யாரோ ஒருத்தர் முதுகை உங்க பதிவுல ஏத்திட்டாங்க."

முங்கிச் சாகப்போனவனுக்கு மிதந்து வந்த கட்டை அது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அப்படித்தான் இருக்கும். ஆள் மாறாட்டம். எங்க பிரிவுல ஒருத்தன் எப்பவும் முதுகைப் பிடிச்சுக்கிட்டே திரிவான்."

"அப்ப திருத்தச் சொல்லி மனு போடணும்."

"வேண்டாம்மா. பாவம், அவன் முதுகு."

"ஊர்ப் பிழையெல்லாம் திருத்தறீங்க. உங்க பதிவுலயே பிழை இருந்தா நல்லாவா இருக்கு? உங்ககூடப் பயிற்சி எடுத்தவங்க யாராவது சாட்சி சொல்வாங்களா?"

பயத்தில் மனுஷனுக்கு வாயில் முதலில் வருவது, எதை மறைக்க நினைக்கிறானோ அதுதான்.

"மெத்தைக்கடைக்காரர்" என்றார்.

மறுநாள் அச்சகத்தில் அவர் திருத்திய கல்யாணப் பத்திரிகையில் 'மணமகள்' எல்லாம் 'மனமகள்' ஆகவே அச்சேறியது. அவர் மனம் அங்கே இல்லை. யோசித்துப் பார்த்தார். பதிவு சரி என்று அலுவலகம் சொன்னால் வீட்டில் மாட்டிக்கொள்வார். பதிவு தப்பு என்று சொன்னால் முகாமில் மாட்டிக்கொள்வார். மத்தளத்துக்காவது இடி வாங்கினால் சத்தம் போட உரிமை உண்டு. இவருக்கு இருந்த ஒரே நம்பிக்கை, அரசாங்க அலுவலகம் இரண்டையும் சொல்லாது என்பதுதான். மனுவைப் பரணில் போட்டுவிடும். அவரும் அவளும் கிழவனும் கிழவியுமான பிறகு பதில் வரும்.

ஆனாலும் மெத்தைக்கடைக்காரர் வாயை அடைத்துவிடுவது நல்லது என்று சாயங்காலம் ஓடினார். கடைக்காரர் ஊசியும் கையுமாக ஒரு மெத்தையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி மத்தியானமே வந்துட்டுப் போயிடுச்சே" என்றார்.

"என்ன எழுதிக் கொடுத்தே?"

"நான் பொய் எழுத மாட்டேன்னுட்டேன்."

"ஐயோ."

"'மெய்யையே எழுதுங்கண்ணே'ன்னுச்சு. எழுதிட்டேன். மாசாமாசம் தவறாம வருவார். சொன்ன இடத்துல படுப்பார். குரல் கொடுத்ததும் எழுந்திருப்பார். எத்தனை கனமா இருந்தாலும் மாடிக்குத் தூக்கிட்டுப் போவார். இதுல எது பொய்?"

பிழைதிருத்தி யோசித்தார். ஒரு பிழையும் இல்லை.

"எதை மாடிக்குத் தூக்குவேன்னு எழுதினியா?"

"அதைத் தங்கச்சி கேட்கலை."

பிழைதிருத்திக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பெண்டாட்டி வெகுளி, நண்பன் புத்திசாலி என்று நினைத்து நிம்மதியாக, கையோடு ஒரு மெத்தையையும் சோதித்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அலுவலகம் மனுவைப் பரணில் போடவில்லை. போட முடியாதபடிதான் அவள் எழுதியிருந்தாள். விசாரணைக்கு நேரில் வரச் சொல்லி உடனே கூப்பிட்டுவிட்டார்கள்.

பதிவு அலுவலகம் என்பது ஒரு நீள அறை. சுவரோடு சுவராக இரும்பு அலமாரிகள். மேலே ஒரு மின்விசிறி, சுற்றலாமா வேண்டாமா என்று மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருப்பதுபோல அசைந்துகொண்டிருந்தது. மேஜைக்குப் பின்னால் சார்ஜென்ட். மீசையைக்கூட வரிசையில் நிற்கவைத்திருந்தார்.

"மெடல் கேட்டு வந்திருக்கீங்களா அம்மா?"

"இல்லைங்க சார்."

பிழைதிருத்தி பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார்.

"மெடல் வாங்கற அளவுக்கு இவர் இன்னும் ஒண்ணும் பண்ணலை" என்றாள் அவள். "இவர் முதுகை மட்டும் திருத்திக் கொடுத்திடுங்க."

"புரியலையே."

"இவருக்கு முதுகுக் கோளாறுன்னு உங்க பதிவுல இருக்கு. அது தப்பு. இவர் முதுகு நல்ல முதுகு."

அவள் ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள். கனமான பையோடு பஸ்ஸைத் துரத்திப் பிடித்து ஏறுகிறவர் என்று கண்டக்டர் கொடுத்த சாட்சி. மாதாமாதம் உடம்பெல்லாம் மண்ணோடு வருகிறார், புரளாமல் அத்தனை மண் ஒட்டாது என்று அவளே எழுதியது. பிறகு மெத்தைக்கடைக்காரரின் மெய். சார்ஜென்ட் அதை இரண்டு தடவை படித்தார். அவர் மீசை கொஞ்சம் கலைந்தது.

"படுக்கறார், எழுந்திருக்கறார், தூக்கறார். எங்க ஆளுங்கள்ல பாதிப் பேர் இவ்வளவு செய்ய மாட்டாங்க" என்றார். "நீங்க என்ன சொல்றீங்க?"

பிழைதிருத்தி அப்போதுதான் விழித்துக்கொண்டார். தான் புரண்ட மண், தான் சுமந்த பை, தான் சொன்ன சாட்சி. சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, இவர் மாதத் தவணையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"சார், வலி இருக்கு சார். உள்ளுக்குள்ள" என்றார். "விண்ணு விண்ணுனு. வெளியில தெரியாது."

"குனிஞ்சு காலைத் தொடுங்க பார்க்கலாம்."

அவர் குனிய முயன்றார். இடுப்பிலேயே நின்றுவிட்டார். பல்லைக் கடித்தார். கண்ணில் நீர்கூட வரவழைத்தார். அச்சகத்தில் வீணாகிற நடிகர் என்று பார்த்தவர்கள் சொல்லியிருப்பார்கள். சார்ஜென்டுக்கே மனது இளகிவிட்டது. "சரி, சரி, விடுங்க" என்று பதிவை மூடப்போனார்.

அந்த நேரம் பார்த்து மனைவியின் கையிலிருந்த பேனா நழுவி மேஜைக்கு அடியில் உருண்டது.

மறு விநாடி பிழைதிருத்தி மேஜைக்கு அடியில் இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் கீழே போட்டதை அவள் வாய் திறக்கும் முன் எடுத்துக் கொடுத்தே பழகிய முதுகு. அது அவரைக் கேட்டுக்கொண்டு குனியவில்லை. வில்லாக வளைந்து, அம்பாக நிமிர்ந்து, பேனாவை அவள் கையில் வைத்த பிறகுதான் சார்ஜென்ட் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது.

சார்ஜென்ட் பதிவைத் திறந்தார். ஒரு வரியை அடித்தார். முத்திரையை ஊதி ஊதிக் குத்தினார்.

"சார், இப்ப நிஜமாவே பிடிச்சுக்கிச்சு" என்றார் பிழைதிருத்தி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. அது சத்தியமான வார்த்தை.

"அப்படி ஒண்ணு உங்க பதிவுல இல்லையே" என்றார் சார்ஜென்ட். "விலக்கு ரத்து. விட்டுப்போன பயிற்சியை முடிச்சுட்டா மெடலுக்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. நானே பரிந்துரை பண்றேன்."

"மாசத்துக்கு ஒரு தடவைதானே சார்?"

"விட்டது நிறைய இருக்கே. அதை ஈடுகட்ட வாராவாரம் வரணும். சனி ஞாயிறு ரெண்டு நாளும். மெடல் குத்தற வரைக்கும்."

"ரொம்ப நல்லதுங்க சார்" என்றாள் மனைவி.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்குக் கிடைத்தது. அவர் நின்றுகொண்டே வந்தார், உட்காரத்தான் முடியவில்லை. ஐந்தாவது நிறுத்தத்தில் கேட்டார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் மாசமே."

"எப்படி?"

"மண்ணோட பஞ்சும் வந்துச்சு. எந்தப் படையிலங்க பஞ்சுல பதுங்கறாங்க?"

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஆடினார். இத்தனை வருஷமாக வாசலில் நின்று, 'பார்த்து, பத்திரமா போயிட்டு வாங்க' என்று அவள் வழியனுப்பியது நினைவுக்கு வந்தது. எவ்வளவு உருக்கமாகச் சொல்வாள். இவரும் கண் கலங்காமல் திரும்பிப் பார்க்காமல் நடப்பார்.

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேட்கலை?"

"கேட்டிருந்தா வீட்டுலயே இருந்திருப்பீங்க. வீட்டை ஒதுங்கவைக்கறப்ப குறுக்க நெடுக்க நடந்து, அதை ஏன் இங்க வைக்கறே, இதை ஏன் அங்க வைக்கறேன்னு ஒவ்வொண்ணுத்துக்கும் திருத்தம் சொல்லிக்கிட்டு. மாசத்துல ரெண்டு நாள் நானும் காலை நீட்டிப் படுக்க வேண்டாமா?"

"நீ படுத்துக்கிட்டா இருந்தே? பீரோவெல்லாம் இடம் மாறியிருக்குமே?"

"நீங்க இருக்கற வாரம்தாங்க மாறும். அதை எல்லாம் நகர்த்த ஆள் வேண்டாமா?"

அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. தன்னைத் தவிர திருத்த வேண்டியது எதுவும் தென்படவில்லை. கடைசியாக ஒன்று மட்டும் விளங்கவில்லை.

"நானும் நிம்மதியா இருந்தேன், நீயும் நிம்மதியா இருந்தே. அப்புறம் எதுக்கு இப்பப் போய் இதைக் கிளறினே?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சாவகாசமாகச் சொன்னாள்.

"மாசத்துக்கு ஒரு தடவைங்கறது எனக்குப் பத்தலைங்க."