டம்ளர் அண்ணனும் லாரிக் கொக்கியும்

மதுரை ஜில்லாவிலேயே காப்பியைக் குடிக்காமல் வேலைக்கு மட்டும் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் டம்ளர் அண்ணன்தான். எங்கள் டூரிங் சினிமாவுக்கு அவர் எஞ்சின்காரர். நான் டிக்கெட் கிழிப்பவன். கரண்ட் கொடுக்கும் எஞ்சின் ஓர் இரட்டைச் சக்கர வண்டியில் உட்கார்ந்திருக்கும். அதை முதலாளியின் காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி ஊர் ஊராக இழுத்துப் போவோம். வண்டி மட்டமாக நிற்கிறதா என்று பார்க்க, அதன் மேல், விளிம்பு ததும்ப ஒரு காப்பி டம்ளரை வைப்பார். தண்ணீர் ஆகாதா என்று கேட்டால், "தண்ணி சிந்துனா எவனுக்குய்யா வலிக்கும்?" என்பார்.

யுத்தம் வந்தது. பெட்ரோலுக்குத் திண்டாட்டம். முதலாளி காரை நிறுத்திவிட்டு, கரி கேஸில் ஓடும் லாரி ஒன்றைப் பிடித்தார். அன்று சாயங்காலம் கொட்டாம்பட்டியில் முதல் ஆட்டம். படம் ஓடாவிட்டால் திருவிழாப் பொட்டலை நாடகக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஊர்க்காரர்கள் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

லாரியின் கொக்கியோ காருடையதைவிட ஒரு முழம் உயரம். மாட்டியதும் எஞ்சின் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. காப்பி பின்பக்கம் கொட்டியது.

"நேரமாச்சு, கெளம்பலாம்ணே!" என்றேன்.

"மூக்கத் தூக்கிக்கிட்டு வாரவனோட நான் எங்கிட்டும் வரமாட்டேன் மாப்ள."

கொக்கியைக் கழற்றினார். இரும்புப் பட்டை கொடுத்துக் கீழே இறக்கி முடுக்கினார். மறுபடி காப்பி, மறுபடி சிந்தல். காப்பிக்கு ஆள் அனுப்பி அனுப்பி முதலாளிக்கு மூச்சு வாங்கியது. உச்சிவெயிலில் ஒருவழியாகச் சொட்டுச் சிந்தாமல் நின்றது. அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார்.

அப்புறம்தான் கூடாரம், பெஞ்சு, திரை எல்லாவற்றையும் லாரியில் ஏற்றினோம். லாரியின் பின்பக்கம் அமுங்கியது. காப்பி இப்போது முன்பக்கம் கொட்டியது. காலி லாரியை வைத்து அளவு பார்த்திருக்கிறார் மனுஷன்!

"அடப்பாவி, என்னய்யா இது?" என்று அலறினார் முதலாளி.

"கொக்கி சரியாத்தேன் இருக்கு. லாரிதேன் சரியில்ல. கனமானத அம்புட்டையும் முன்னால தள்ளுங்கப்பா!"

பெஞ்சுகள் முன்னால் போயின. இன்னும் கொஞ்சம் சாய்வு. லாரியில் ஏறி, பின்பக்கம் கூடாரத் துணி மேல் சாய்ந்திருந்த முதலாளியின் தொந்தியில் அண்ணன் பார்வை வந்து நின்றது.

"மொதலாளி... நீங்களுந்தேன்."

முதலாளி முன்னால் போனதும் காப்பி மட்டமாக நின்றது. கொட்டாம்பட்டி வரைக்கும் அவர் டிரைவர் பக்கத்தில், படப்பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு நசுங்கி வந்தார்.

இருட்டத் தொடங்கியதும் எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. திரையில் வெளிச்சம் விழுந்தது. பொட்டல் முழுக்க ஒரே விசில். வழியெல்லாம் எஞ்சின் வண்டி மேலேயே வந்த டம்ளரை அண்ணன் எடுத்து நீட்டினார்.

"குடிங்க மொதலாளி. பாதி மிச்சம் இருக்குல்ல!"

ஆறிப்போன அந்தக் காப்பியை முதலாளி ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

இப்போதும் யாராவது ததும்பத் ததும்பக் காப்பி கொடுத்தால் நான் உடனே குடிப்பதில்லை. மேஜை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். சரியில்லை என்று சண்டை பிடிக்க அண்ணன் இல்லையே என்றுதான் இருக்கிறது.